அத்தைக்குக் கால் ஏன் தடுமாறுகிறது?



கர்ப்பகால உணவு, தடுப்பூசி, இரண்டு குழந்தைகளுக்கு நடுவே இடைவெளி என்று இந்தப் பிரசுர வரிசையில் பலவும் படித்திருப்பீர்கள். இந்தத் தடவை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாவைப் பற்றிப் பேசப்போகிறோம். "இதுக்கும் குடும்ப நலத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியரோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாவது பிரசவம் முடிந்து ஆறு வாரம். கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துக் கருத்தடை முறைகளைப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து அந்த வீட்டு அப்பத்தா சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொரு காலில் இல்லை. செருப்பு நடையிலேயே கழன்று கிடக்கிறது. அது கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை.

"அத்தைக்கு வயசாயிருச்சும்மா. அப்படித்தான் நடப்பாங்க" என்றாள் மருமகள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு சேலையை முழங்கைக்கு மேல் ஒதுக்கிக் காட்டினார். பெரிய கன்றிப்போன தழும்பு. ஒரு மாதத்தில் மூன்று தடவை விழுந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. "சொன்னா மாட்டுத் தொழுவுக்குப் போகவிட மாட்டாக தாயி. மூலையில உக்கார வச்சிருவாக. அதுக்கு விழுந்தே சாகலாம்" என்றார்.

அவர் சொன்னதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அப்படி மூலையில் உட்கார வைக்கப்பட்ட பல பேரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விழுவதற்கும் மூலையில் உட்காருவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது.

65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கணக்குச் சொன்னது. இவர்களில் அதிகம் பேர் வயதானவர்கள். விழுந்து எலும்பு முறிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அத்தை படுத்துவிட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? யார் வேலைக்குப் போவதை நிறுத்துவது? வீட்டு வரவு செலவு என்ன ஆகும்? குடும்ப நலத்தோடு உள்ள சம்பந்தம் இதுதான்.

நிற்பதும் ஒரு வேலைதான்

"சும்மா நின்னுக்கிட்டிருக்கேன்" என்று சொல்கிறோம். உண்மையில் யாரும் சும்மா நிற்பதில்லை. கரகாட்டக்காரியைக் கவனித்துப் பாருங்கள். தலையில் கரகம் அசையாமல் இருக்க வேண்டுமானால் கழுத்தும் இடுப்பும் பாதமும் ஓயாமல் சின்னச் சின்னதாக அசைந்து சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். நாம் நிற்பதும் அப்படித்தான். உடம்பு முன்னும் பின்னும் கொஞ்சம் சாயும், தசை இழுத்து நிமிர்த்தும். இது நமக்குத் தெரியாமலே நடக்கிறது.

உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்ல மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். கண் ஒன்று. காதின் உட்பக்கம் ஒன்று. பாதமும் மூட்டுகளும் சேர்ந்து ஒன்று. காதுக்குள்ளே கேட்கும் கருவிக்குப் பக்கத்தில் மூன்று வளைந்த குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. தலை திரும்பினால் அந்தத் திரவம் அலம்பி, தலை திரும்பிய சேதியை அனுப்பும். பாதமோ, தரை மேடா பள்ளமா, மண்ணா சிமெண்டா என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இந்த மூவரில் ஒருவர் படுத்துவிட்டால் மற்ற இருவர் சமாளிப்பார்கள். இருவர் படுத்துவிட்டால் கஷ்டம். 19-ஆம் நூற்றாண்டில் ரோம்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர், கால் உணர்ச்சி போன நோயாளிகள் கண் திறந்திருக்கும்வரை நிற்கிறார்கள், கண்ணை மூடியதும் தள்ளாடுகிறார்கள் என்று எழுதிவைத்தார். பாதம் சேதி சொல்லாததால் அவர்கள் கண்ணை நம்பி நிற்கிறார்கள். இன்றைக்கும் மருத்துவர்கள் காலைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்வது அந்தச் சோதனைதான்.

நம் அப்பத்தாவின் செருப்பை இப்போது நினைத்துப் பாருங்கள். பகலில் சுவரைப் பிடித்து நடந்துவிடுகிறார். மூன்று தடவையும் அவர் விழுந்தது இருட்டில். முகம் கழுவக் கண்ணை மூடும்போது ஆடுகிற அம்மாக்களும் இதே கூட்டம்தான்.

சேதி வந்தால் மட்டும் போதாது, வேலை செய்யத் தசை வேண்டும். இளவயதில் வரப்பில் கால் சறுக்கினால் கணுக்கால் முதலில் சரிசெய்யும். அது போதாவிட்டால் இடுப்பை வளைப்போம். அதுவும் போதாவிட்டால் சட்டென்று ஒரு எட்டு எடுத்து வைப்போம். அந்த எட்டுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. வயதானவர்களுக்கு அந்த எட்டு வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது, சின்னதாக வருகிறது. தொடைத் தசையும் பின்பக்கத் தசையும் மெலிந்துபோனதுதான் இதற்குப் பெரிய காரணம். மெலிந்த தசையை எழுபது வயதிலும் தேற்ற முடியும். இதைப் பல பேர் நம்புவதில்லை.

"தலை சுத்துது" என்றால் எந்தச் சுற்று?

"தலை கிறுகிறுக்குது, பித்தம்" என்று சொல்லி எலுமிச்சம்பழச் சாறு குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். எலுமிச்சை கெடுதல் செய்யாது. ஆனால் கிறுகிறுப்பு ஒரே வகை இல்லை. மருத்துவரிடம் போகுமுன் வீட்டிலேயே கேட்டுவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படுக்கையில் புரண்டு படுக்கும்போது, பரண் மேலே அண்ணாந்து பார்க்கும்போது வீடே சுற்றுகிறதா? ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறதா? அப்படியானால் காதுக்குள்ளே இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அந்த வளைந்த குழாய்க்குள் விழுந்திருக்கலாம். இது வயதான பெண்களுக்கு அதிகம் வருகிறது. இதற்கு மாத்திரைகூடப் பெரும்பாலும் தேவையில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, முறைப்படி மறுபக்கம் திருப்பி எழுப்பினால் துகள்கள் பழைய இடத்துக்குப் போய்விடும். எப்லி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் இந்த முறையைக் கொண்டுவந்தார். தெரிந்த மருத்துவர் செய்தால் பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே நின்றுவிடுகிறது. இது தெரியாமல் வருஷக்கணக்கில் "பித்தம்" என்று படுத்துக் கிடந்தவர்களைப் பார்த்து எனக்கு வருத்தம் வந்திருக்கிறது.

படுத்து எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? அது வேறு. எழுந்ததும் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்குகிறது என்று அர்த்தம். இரத்தக் கொதிப்பு மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்களுக்கும் இது வரும். செவிலியரிடம் சொல்லிப் படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்ற பிறகு மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் பக்கவாதம் வந்தால் யார் பதில் சொல்வது? மருத்துவர் அளவை மாற்றுவார், நேரத்தை மாற்றுவார்.

தலை சுற்றவே இல்லை, நடந்தால் மட்டும் பஞ்சில் மிதிப்பதுபோல இருக்கிறது என்கிறாரா? பாதத்தைப் பாருங்கள். சர்க்கரை நோய் நாளானால் பாத நரம்பு மரத்துப்போகும். பி 12 என்ற வைட்டமின் குறைந்தாலும் இப்படி ஆகும். பால், முட்டை, மீன், கறி சாப்பிடாதவர்களுக்கும், மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் குறை வரலாம். நம் அப்பத்தாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்தபோது சர்க்கரை நோய் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வலது கண்ணில் புரை வேறு. கண்ணும் பாதமும் இரண்டுமே அவருக்குச் சரியான சேதி சொல்லவில்லை.

திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கம் கை கால் விழுந்து தள்ளாட்டம் வந்தால் அதற்கு ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. உடனே 108.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம்

இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து ஓடும்போது விழுகிறவர்கள் ஏராளம். சில பெண்களுக்கு அடக்க முடிவதில்லை. சிலருக்கு அடியிறக்கம் இருக்கும், முப்பது வருஷமாகச் சொல்லாமல் இருப்பார்கள். மகனிடம் எப்படிச் சொல்வது? மருமகளிடம் சொல்லக் கூச்சம். அதனால் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் எழும்போது இரத்த அழுத்தம் இறங்கும். ஒரு கஷ்டத்துக்குத் தப்பப் போய் இன்னொன்றில் விழுகிறார்கள்.

மருமகளே, இதை நீதான் கேட்க வேண்டும். உன் கணவன் கேட்டால் அவர் சொல்லமாட்டார். அடியிறக்கத்துக்கும் சிறுநீர் அடக்க முடியாமைக்கும் வைத்தியம் உண்டு. அதுவரைக்கும் இரவில் கட்டில் பக்கத்தில் ஒரு மூடி போட்ட பக்கெட்டோ பெட்பேனோ வைப்பதில் எந்த அவமானமும் இல்லை.

அன்பால் வரும் கெடுதல்

ஒரு தடவை விழுந்ததும் வீட்டில் என்ன செய்கிறோம்? "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் அத்தை, சும்மா உக்காருங்க" என்கிறோம். பாசத்தோடுதான் சொல்கிறோம். அவருக்கும் பயம் வந்துவிடுகிறது. உட்கார்ந்தே இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தொடை மெலிந்துவிடும். பிறகு எழுந்தால் முன்னைவிடச் சீக்கிரம் விழுவார். விழுந்தால் இன்னும் பயம். இது கிணற்றுக்குள் இறங்கும் படி மாதிரி.

வேலையை நிறுத்தாதீர்கள், வேலையை மாற்றுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவதும் வழுக்கும் தொழுவைக் கழுவுவதும் வேண்டாம். கீரை ஆய்வது, கோழிக்குத் தீனி போடுவது, பேரப்பிள்ளையை அங்கன்வாடிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது எல்லாம் செய்யட்டும்.

அதோடு காலுக்கு வேலை கொடுங்கள். நல்ல உயரமான, ஆடாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதலில் ஐந்து தடவை. கையை ஊன்றித்தான் முடியுமென்றால் ஊன்றட்டும், இரண்டு வாரத்தில் குறைத்துக்கொள்ளலாம். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிப்பாதத்தில் நிற்பது, பத்துத் தடவை. அதன்பின் ஒரு பாதத்துக்கு நேர் முன்னே இன்னொரு பாதம், குதிகாலும் பெருவிரலும் தொடுகிற மாதிரி வைத்து நிற்பது. அது பழகியதும் ஒற்றைக் காலில். எப்போதும் பிடிக்க ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஆளும் இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது, மாதக்கணக்கில் செய்தால்தான் பலன். இப்படி நிலைநிற்கும் பயிற்சி செய்தவர்களிடம் விழுவது ஏறக்குறையக் கால் பங்கு குறைந்ததாகப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வெறும் நடை மட்டும் இந்தப் பலனைத் தராது.

சீனாவில் தாய் சி என்று மெதுவாகக் கைகால் அசைக்கும் ஒரு பழக்கம் உண்டு. வயதானவர்கள் விழாமலிருக்க அது உதவுகிறது என்று நிரூபித்திருக்கிறார்கள். எனக்கென்னமோ நம் கும்மியும் அந்தச் சாதிதான் என்று தோன்றும். குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, பக்கவாட்டில் எட்டு வைத்து ஆடுகிறோமே! பொங்கலோடு நிறுத்தாமல் வாரத்துக்கு இரண்டு நாள் பாட்டிமார்கள் மெதுவாகக் கும்மி கொட்டினால் நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டில் ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரட்டும். செல்போனில் நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. முன்னே சொன்ன பாதத்துக்கு முன் பாதம் வைத்த நிலையில் பத்து விநாடி நிற்க முடியாவிட்டாலும் அப்படித்தான். செவிலியரிடம் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் நம் மாநிலத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் இயன்முறை மருத்துவத்தையும் சேர்த்திருந்தார்கள். உங்கள் ஊருக்கு எந்த நாளில் வருகிறார்கள் என்று கேளுங்கள்.

கணவன்மாருக்கு

வீட்டுக்காரரே, உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது. குளிக்கும் இடத்திலும் கழிவறையிலும் சுவரில் ஒரு இரும்புக் குழாயைப் பிடிமானமாகப் பதித்துவிடுங்கள். துண்டு போடும் கம்பி போதாது, அது ஆளைத் தாங்காது. கட்டிலிலிருந்து கழிவறைவரை இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வாசப்படியில் காலைத் துடைக்கப் போட்டிருக்கும் பழைய சாக்கை எடுத்துவிடுங்கள், அதில் கால் சறுக்கும். நிலைப்படி உயரமாக இருந்தால் அதன் ஓரத்தில் வெள்ளைப் பட்டை அடியுங்கள். தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். ஊன்றுகோல் வாங்கினால், நேராக நின்று கையைத் தொங்கவிடும்போது அதன் தலை மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும். வலி உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். கண் புரைக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாக அறுவை செய்கிறார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

விழுந்துவிட்டால்

இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் தாயார் குளியலறையில் விழுந்தபோது, பொது சுகாதாரத்தில் டிப்ளமோ வாங்கிய நானே "சுளுக்குத்தான்" என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு மூன்று நாள் எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்தேன். தொடையெலும்பின் கழுத்து முறிந்திருந்தது. அந்த மூன்று நாளில் முதுகில் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது.

ஆகவே சொல்கிறேன். விழுந்தவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். இடுப்பு வலிக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் எலும்பு முறிந்திருக்கிறது. காலை இழுக்காமல், தேய்க்காமல் அப்படியே 108-க்குச் சொல்லுங்கள். இந்த எலும்பைக் கட்டுக் கட்டிச் சரிசெய்ய முடியாது. பெரும்பாலும் அறுவை வேண்டும், அதையும் இரண்டு நாளுக்குள் செய்தால் நல்லது. "இந்த வயசுல ஆபரேஷனா?" என்று படுக்கப் போட்டால் சளி நெஞ்சில் கட்டும், படுக்கைப் புண் வரும், காலில் இரத்தம் உறையும். தலையில் அடிபட்டிருந்து அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருமகளுக்குத் தனியாக

இதெல்லாம் அத்தை கதை என்று நினைக்காதே அம்மா. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பின் சத்து வேகமாகக் குறையும். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் குறைவு இளவயதிலேயே தொடங்கிவிடும். "குழந்தை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு?" என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதே. இன்னொரு மருத்துவரிடமும் கேள். எல்லோரும் சாப்பிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தையும் விடு. கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெத்திலி, பருப்பு, முட்டை இவை எலும்புக்கும் தசைக்கும் வேண்டியவை. அத்தை தட்டிலும் இவை விழட்டும். வயதானவர்களுக்கு ரசஞ்சோறு போதும் என்பது தப்பு.

அந்த அப்பத்தாவுக்குக் கண் அறுவை முடிந்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பாத மரப்பு முழுதாகப் போகவில்லை, போகும் என்று நாங்களும் சொல்லவில்லை. நடுவில் ஒரு தடவை விழுந்தார், ஆனால் இந்தத் தடவை தானே வந்து சொன்னார். போன வாரம் நான் போனபோது நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு பாதத்துக்கு முன் பாதம் வைத்து நின்றுகொண்டிருந்தார். மூத்த பேரன் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுகிறான். விளையாடப் போகும் அவசரத்தில் வேகமாக எண்ணிவிடுகிறான் போலிருக்கிறது.

"மெதுவா எண்ணுடா, நான் இன்னும் நிப்பேன்" என்றார்.